வால்வெள்ளியும் ஏழு நெகற்றிவ்களும்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு நிறைவுக் கூட்டத்தில் 1997 உயர்தர கணிதப் பிரிவு மாணவிகள் சார்பில் ஆற்றிய உரை)



நூற்றாண்டு விழாவில் ஒவ்வொரு வகுப்பினரும் தங்கள் காலத்து நினைவு ஒன்றைச் சொல்ல வேண்டும் என்று சங்கம் கேட்டது. எங்களுக்கு முன் பேசிய அக்காமார் வலைப்பந்துக் கிண்ணங்களையும் நாடகப் போட்டிகளையும் பரிசளிப்பு விழாக்களையும் பற்றிச் சொன்னார்கள். நாங்கள் உயர்தரம் படித்த இரண்டு வருடங்களில் அவை எதுவும் ஒழுங்காக நடக்கவில்லை. எங்களுக்கென்று ஒரு வகுப்புப் படம்கூட இல்லை. கணிதப் பிரிவில் நாங்கள் ஒன்பது பேர். எங்களிடம் இருப்பது இரண்டு வால்வெள்ளிகளும் ஒரு பிலிம் துண்டும்தான். ஆகவே அதைப் பற்றியே பேசுகிறோம்.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு மழையில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்தவர்களில் நாங்களும் இருந்தோம். அந்த இரவைப் பற்றி இங்கு விரித்துச் சொல்லத் தேவையில்லை, கடந்தவர்களுக்குத் தெரியும். சைக்கிள் கரியரில் என்ன ஏறியதோ அதுதான் வீடு. எங்களில் ஒருத்தி தன் உடுப்புப் பையின் அடியில் தகப்பனாரின் பழைய செனித் கமராவைச் சுற்றி வைத்துக்கொண்டு வந்தாள். சோற்றுப் பானையை விட்டுவிட்டுக் கமராவைக் கொண்டு வந்ததற்காகத் தாயாரிடம் அவள் வாங்கிய ஏச்சு எங்கள் வகுப்பில் நெடுநாள் பகிடியாக இருந்தது.

தென்மராட்சியில் வேறொரு பாடசாலையின் கட்டடத்தில் பின்னேர வகுப்பாக எங்கள் கல்லூரி நடந்தது. எங்கள் பௌதிகவியல் ரீச்சரும் குடும்பத்தோடு இடம்பெயர்ந்து அதே ஊரில்தான் இருந்தார். மின்சாரம் 1990இலேயே நின்றுவிட்டது. சைக்கிளை நிறுத்தி வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்ட காலம் அது. அப்படிக் கேட்ட செய்தியில்தான் பெரிய வால்வெள்ளி ஒன்று பூமிக்குக் கிட்ட வருகிறது என்று ரீச்சர் அறிந்து வந்து சொன்னார். ஜப்பானில் யூஜி ஹியாகுதாகே என்பவர் 1996 ஜனவரி கடைசியில் ஒரு பெரிய இருகண் தொலைநோக்கியால் அதைக் கண்டுபிடித்தார். இரண்டு மாதத்துக்குள் அது பூமியிலிருந்து 15 மில்லியன் கிலோமீற்றர் தூரத்துக்கு வந்துவிட்டது. சந்திரன் இருக்கும் தூரத்தைப் போல ஏறத்தாழ நாற்பது மடங்கு. வால்வெள்ளிக் கணக்கில் அது பக்கத்து வளவு.

மார்ச் 24ஆம் திகதி இரவு, இளம்பிறை மறைந்து நடுச்சாமம் கழிந்த பிறகு, "பிள்ளையள், எழும்பி வெளியில வாங்கோ" என்று ரீச்சர் குரல் கொடுத்தார். ஒரே வளவில் நாலைந்து குடும்பங்கள் இருந்தபடியால் பாய்களோடு எல்லோரும் எழும்பி வந்தார்கள். வடக்கே சப்தரிஷி மண்டலத்துக்குப் பக்கத்தில் பஞ்சு உருண்டை போல ஒரு வெளிச்சம். அதிலிருந்து புகைக்கோடு மாதிரி வால், தலைக்கு மேலே உச்சி வரைக்கும் நீண்டு கிடந்தது. கண் இருட்டுக்குப் பழகப் பழக வால் இன்னும் நீண்டது. சுற்றிவர எங்கும் ஒரு மின்விளக்கு இல்லை. இழந்தவற்றின் பட்டியலில் நாங்கள் எழுதியிருந்த மின்சாரம், அன்று ஒரு இரவு மட்டும் இல்லாமல் இருந்ததே நல்லதாய்ப் போயிற்று.

எங்கள் சிநேகிதியின் அம்மம்மா மட்டும் உள்ளேயே இருந்தார். "வால்வெள்ளி தெரிஞ்சால் நாட்டுக்குக் கூடாது பிள்ளை" என்றார். "அம்மம்மா, வர வேண்டியதெல்லாம் வந்திட்டுது. இதுதான் பிந்தி வந்திருக்கு" என்றாள் அவள். இருட்டுக்குள் எல்லோரும் சிரித்தோம். அம்மம்மாவும் சிரித்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தார்.

அன்று ரீச்சர் நடத்திய பாடம் எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை. வால்வெள்ளி என்பது பனிக்கட்டியும் தூசியும் சேர்ந்த கட்டி. சூரியனுக்குக் கிட்ட வரும்போது பனி நேரே ஆவியாகித் தூசியையும் இழுத்துக்கொண்டு வெளியேறுகிறது. வால் ஓடும் திசைக்குப் பின்னால் நீளுவதில்லை. எப்போதும் சூரியனுக்கு எதிர்ப்பக்கமாக நிற்கும். சூரியனை விட்டுத் திரும்பிப் போகும்போது வால் முன்னாலும் தலை பின்னாலும் போகும். பிறகு, கரோலின் ஹேர்ஷல் என்ற பெண் 1786இல் தன் முதல் வால்வெள்ளியைக் கண்டதையும், அடுத்த வருடம் இங்கிலாந்து அரசர் அவருக்கு வானியல் பணிக்கென்று சம்பளம் கொடுத்ததையும் சொன்னார். 1847இல் அமெரிக்காவின் நன்ரக்கெற் தீவில் மரியா மிற்செல் வால்வெள்ளி ஒன்றைக் கண்டு டென்மார்க் அரசரின் தங்கப் பதக்கம் பெற்றதையும், பின்னர் ஒரு மகளிர் கல்லூரியில் பேராசிரியர் ஆனதையும் சொன்னார். அடுத்த வேளைக்கு மா எங்கே வாங்குவது என்று தெரியாத வளவொன்றில் நின்றுகொண்டு அதைக் கேட்டோம். "உங்களுக்கு இதெல்லாம் தூரம் இல்லை" என்று ரீச்சர் ஒருமுறையும் சொல்லவில்லை. ஆனால் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

எங்கள் சிநேகிதி கமராவை எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். பிலிம் இல்லை. பிலிம் வாங்க அந்த நாட்களில் வழியும் இல்லை. வெறுங் கமராவின் கண்ணாடித் துளையால் வால்வெள்ளியைப் பார்த்துவிட்டு மூடி வைத்தாள். "அழாதே. அடுத்த வருஷம் இதைவிடப் பெரிசு ஒன்று வருகுது. அதுக்கு ஒரு பிலிம் தேடி வை" என்றார் ரீச்சர்.

ரீச்சர் சொன்னது ஹேல்–பொப் வால்வெள்ளியை. அலன் ஹேல், தோமஸ் பொப் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 1995 ஜூலை 23ஆம் திகதி இரவு, ஒருவரை ஒருவர் அறியாமல், வேறு வேறு இடத்திலிருந்து அதைக் கண்டார்கள். அது ஹியாகுதாகே போலக் கிட்ட வரவில்லை. மிகக் கிட்டிய தூரமே 197 மில்லியன் கிலோமீற்றர் அளவில். ஆனால் அதன் கரு மிகப் பெரியது. பல பத்துக் கிலோமீற்றர் குறுக்களவு. அதனால் பதினெட்டு மாதங்கள் வெறுங்கண்ணுக்குத் தெரிந்தது.

1996 சித்திரையிலும் வைகாசியிலுமாக நாங்கள் வலிகாமத்துக்குத் திரும்பினோம். வீடுகள் இருந்தவர்கள் வீட்டுக்கும், கூரை இல்லாதவர்கள் உறவினர் வீட்டுக்கும் போனோம். வகுப்புகள் திரும்பத் தொடங்கின. இரவில் ஊரடங்கு. 1997இல் கொழும்பிலிருந்து கப்பலில் வந்த உறவினர் ஒருவர் எங்கள் சிநேகிதியின் தங்கையின் சாமத்திய வீட்டுக்கென்று ஒரு பிலிம் றோல் கொண்டு வந்து கொடுத்தார். 36 படம், 100 ஏ.எஸ்.ஏ. விசேஷத்தில் படம் எடுக்கும் பொறுப்பு அவளுக்கு. தகப்பனாரிடம் பேரம் பேசி ஏழு படங்களை மிச்சம் பிடித்தாள். அந்த ஏழு படத்துக்கு நாங்கள் செய்த ஆயத்தம் உயர்தரப் பரீட்சைக்கும் செய்யவில்லை.

ரீச்சர் கணக்குப் போட்டுத் தந்தார். பூமி ஒரு மணித்தியாலத்துக்கு 15 பாகை சுழல்கிறது. கமராவோ அசையாமல் நிற்கிறது. ஆகவே கதவு நெடுநேரம் திறந்திருந்தால் வெள்ளி புள்ளியாக விழாது, கோடாக இழுபடும். 600ஐ வில்லையின் குவியத் தூரத்தால் பிரித்தால் ஏறத்தாழ எத்தனை செக்கன் வரை திறக்கலாம் என்று வரும். எங்கள் வில்லை 58 மில்லிமீற்றர். ஆகவே பத்துச் செக்கன். ஏழு படத்தையும் ஒரே அளவில் எடுக்காமல் 5, 10, 20, 40 என்று மாற்றி எடுக்கச் சொன்னார். எது சரி என்று தெரியாத இடத்தில் எல்லாவற்றையும் ஒருமுறை செய்துபார் என்ற அந்தப் பாடம் பின்னர் வாழ்க்கையில் பல இடத்தில் உதவியது.

ஏப்ரல் இரண்டாவது வாரம், அமாவாசை கழிந்து வருடப்பிறப்புக்கு முந்திய நாட்கள். எங்களில் நான்கு பேர் ஊரடங்கு தொடங்க முன்னரே சிநேகிதி வீட்டுக்குப் போய் இரவு தங்கினோம். மற்ற ஐவரும் அதே நேரத்தில் தத்தம் முற்றத்தில் நின்று பார்ப்பது என்று ஒப்பந்தம். மொட்டைமாடியில் ஏறினால் வானம் நன்றாகத் தெரியும். ஆனால் ஊரடங்கு இரவில் மாடியில் நின்று ஒரு கறுத்த பொருளை ஒரு திசைக்கு நீட்டிக்கொண்டிருந்தால் ஒழுங்கையில் போகிறவர்களுக்கு அது கமரா என்று தெரியாது. "மாடி எண்டால் வீட்டுக்குள்ள வாங்கோ" என்று அவளின் அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆகவே மதிலுக்கு உட்பக்கம், கிணற்றடி. முக்காலி இல்லை. தலையணை உறையில் மணலை நிரப்பிக் கிணற்றுக்கட்டில் வைத்து, அதில் கமராவைப் புதைத்து வடமேற்கே திருப்பினோம்.

சூரியன் மறைந்து அரை மணித்தியாலத்துக்குப் பிறகு பனைகளுக்கு மேலே அது தெரிந்தது. ஹியாகுதாகே மெல்லிய புகை என்றால், ஹேல்–பொப் சுடர். கட்டையான, அகன்ற, மஞ்சள் கலந்த வெள்ளை வால். உற்றுப் பார்த்தால் அதற்குப் பக்கத்தில் விலகி மங்கலாய் நீல நிறத்தில் இன்னொன்று. தூசி வால் ஒன்று, வாயு வால் ஒன்று. பாடம் கண்முன்னே நின்றது. அது இறங்கிப் பனைக்குள் போக முன் எங்களுக்குக் கிடைத்தது ஒரு மணித்தியாலத்துக்கும் குறைவு.

'பீ' என்ற இடத்தில் கமராவை வைத்தால் விரல் அழுத்தியிருக்கும் வரை கதவு திறந்திருக்கும். ஆனால் அழுத்தும்போது கமரா ஆடும். அதற்கும் ரீச்சர் வழி சொல்லியிருந்தார். அப்பியாசப் புத்தகத்தின் கறுத்த மட்டையை வில்லைக்கு முன்னால் தொடாமல் பிடிப்பது, பிறகு அழுத்துவது, ஆட்டம் நின்றதும் மட்டையை எடுப்பது, எண்ணி முடித்ததும் மட்டையைத் திரும்பப் பிடிப்பது, அதன் பின்பே விரலை எடுப்பது. ஒருத்தி விரல், எங்கள் சிநேகிதி மட்டை, ஒருத்தி மணிக்கூடு, ஒருத்தி விளக்கு. மணிக்கூட்டைப் பார்க்க ஒரு ஜாம் போத்தல் விளக்கு. அதன் வெளிச்சம் கமராவிலும் படக்கூடாது, ஒழுங்கையிலும் படக்கூடாது என்பதற்காக ஒரு வாளியால் மூடி வைத்திருந்தோம். நாலாவது படத்தில், 40 செக்கன் முடிகிற நேரம், எங்களில் ஒருத்தி நேரத்தைப் பார்க்க வாளியைக் கொஞ்சம் அதிகமாகத் தூக்கிவிட்டாள். வெளிச்சம் பளீரென்று அடித்தது. "ஒண்டு போச்சு" என்றாள் சிநேகிதி. தூக்கியது யார் என்ற வழக்கு இன்றுவரை முடியவில்லை.

றோல் முடிந்தது. நகரில் ஒரு ஸ்ரூடியோவில் கழுவக் கொடுத்தோம். இரண்டு வாரம் கழித்துப் போனபோது 29 படங்கள் தந்தார்கள். சாமத்திய வீட்டுப் படங்கள் எல்லாம் நன்றாக வந்திருந்தன. மிச்சம் ஏழையும் கேட்டோம். "அதுகள் விழயில்லை. வெறும் கறுப்பு" என்றார் கடைக்காரர். பிலிமின் கடைசித் துண்டை ஒரு கடித உறையில் போட்டுத் தந்தார். அவள் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். எங்களுக்கும் ஒன்றும் தெரியவில்லை. ரீச்சர் மட்டும், "எறியாதே பிள்ளை, வைத்திரு" என்றார். ஓகஸ்டில் பரீட்சை வந்தது. அதன் பிறகு நாங்கள் சிதறிப் போனோம்.

இப்போது 27 வருடங்களைத் தாண்டுகிறோம். அந்தச் சிநேகிதி ரொறன்ரோவுக்குப் போய், படித்து, வேலை செய்து, ஒரு மகளைப் பெற்று வளர்த்தாள். 2019இல் நோயில் எங்களை விட்டுப் போனாள். கடைசி நாட்களில் எங்கள் வட்ஸ்அப் குழுவில் அவள் எழுதியவை பெரும்பாலும் பகிடிகள்தான். மற்ற எட்டுப் பேரில் மூவர் யாழ்ப்பாணத்தில், ஒருத்தி கொழும்பில், இருவர் ரொறன்ரோவில், ஒருத்தி லண்டனில், ஒருத்தி மெல்பேர்ணில்.

2024இல் சுச்சின்ஷான்–அற்லஸ் வால்வெள்ளி வந்தது. சீனாவின் ஊதாமலை வானாய்வகமும் தென்னாபிரிக்காவில் உள்ள அற்லஸ் தொலைநோக்கியும் 2023இல் கண்டது. சூரியனைச் சுற்ற முன்னரே அது உடைந்து போகும் என்று ஒரு முக்கியமான வானியலாளர் எழுதியிருந்தார். உடையவில்லை. செப்ரெம்பர் 27ஆம் திகதி சூரியனைச் சுற்றிக்கொண்டு முழுதாக வெளியே வந்தது. அந்தச் செய்தியைக் குழுவில் போட்டவள், "எங்கட பட்ச் மாதிரி" என்று எழுதினாள்.

பழைய ஒப்பந்தத்தைப் புதுப்பித்தோம்: அவரவர் முற்றத்தில் நின்று பார்ப்பது. மெல்பேர்ண்காரி செப்ரெம்பர் கடைசியில் விடியப்புறம் எழும்பி முதலில் கண்டாள். யாழ்ப்பாணத்தில் நாங்கள் மூவரும் ஒக்ரோபர் முதல் நாட்களில் சூரிய உதயத்துக்கு ஒரு மணித்தியாலம் முன் கிழக்குக் கடற்கரைக்குப் போனோம். ஊருக்குள் இப்போது தெருவிளக்குகள். கடற்கரைக்குப் போனால்தான் இருட்டு. அடிவானத்தில் ஒரு விரல் நீளத்துக்கு மங்கலாகத் தெரிந்தது. கைத்தொலைபேசியைச் செருப்பில் சாய்த்து வைத்துப் பத்துச் செக்கன் எடுத்தோம். மணலையும் தலையணை உறையையும் நினைத்துக்கொண்டோம். மாலை வானத்துக்கு அது வந்தபோது எங்களுக்கு மழை முகில். கொழும்புக்காரிக்கும் அதே கதி.

ரொறன்ரோவில் ஒக்ரோபர் 14ஆம் திகதி நன்றி நவிலல் விடுமுறை. அங்குள்ள எங்கள் இருவரும் சிநேகிதியின் மகளையும் கூட்டிக்கொண்டு நகரத்தின் வெளிச்சத்தைத் தாண்டி வடக்கே போனார்கள். மேற்கே இடப்பக்கம் தாழ்வாக வெள்ளிக் கிரகம், வலப்பக்கம் சுவாதி நட்சத்திரம், இரண்டுக்கும் இடையில் மேலே நீண்ட வாலோடு அது. மகள் தன் கைத்தொலைபேசியைக் கார்க் கூரையில் வைத்து, விரல் பட்டு ஆடாதபடி மூன்று செக்கன் தாமத முறையில் படம் எடுத்தாள். முதல் படமே விழுந்தது. பார்த்துவிட்டு, "அம்மாவின்ர பெட்டியில ஒரு கவர் இருக்கு, தமிழில ஏதோ எழுதியிருக்கு" என்றாள்.

அன்றிரவு அந்தக் கடித உறையின் படம் குழுவில் வந்தது. அவளின் சாய்ந்த கையெழுத்தில், 'வால்வெள்ளி. கறுப்பு இல்லை. திரும்பக் கழுவிப் பார்க்க வேண்டும்' என்று இருந்தது. எப்போது எழுதினாள் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

மகள் அந்தத் துண்டை நல்ல ஸ்கானரில் போட்டாள். ஏழில் மூன்று ஆடிப் போயிருந்தன. மூன்றில் வால்வெள்ளி இருந்தது. பத்துச் செக்கன் படத்தில் பனைத் தலைகள் கறுப்பாக, அவற்றுக்கு மேலே இரண்டு வாலும் தெரிகின்றன. 1997 ஏப்ரலில் ஊரடங்கு இரவொன்றில் கிணற்றடியிலிருந்து எடுத்த படம் அது. கடைக்காரரை நாங்கள் குறை சொல்லவில்லை. இரவு வானத்தின் நெகற்றிவ் ஏறத்தாழ வெறும் பிலிம் மாதிரித்தான் இருக்கும். அச்சடிக்கும் இயந்திரத்துக்கு அதில் பார்க்க ஒன்றும் இல்லை.

ஏழாவது என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அது நாலாவது படம், வாளி தூக்கிய படம். வெள்ளிகள் எல்லாம் கோடாக இழுபட்டிருக்கின்றன. வலது ஓரத்தில் செம்மஞ்சள் வெளிச்சம் அடித்திருக்கிறது. அந்த வெளிச்சத்தில், கலங்கலாக, அப்பியாசப் புத்தக மட்டையைப் பிடித்த ஒரு கை, ஒரு பின்னல், பாதி முகம். சாமத்திய வீட்டுப் படங்களில் அவள் இல்லை. படம் எடுத்தவள் அவள். எங்கள் உயர்தர வகுப்புக் காலத்தில் எங்களில் ஒருத்தி தெரியும் ஒரே படம் அதுதான். அவள் 'போச்சு' என்று சொன்ன படம். மகள் அதைப் பெரிதாக்கித் தன் அறையில் வைத்திருக்கிறாள். அவளுடைய அனுமதியோடு ஒரு பிரதியை இன்று கல்லூரிக்குக் கொண்டு வந்திருக்கிறோம்.

அன்பான அக்காமாரே, தங்கைமாரே, உங்களிடம் எங்கள் வேண்டுகோள் ஒன்று. இடப்பெயர்வில் எங்கள் கல்லூரியின் படங்களும் ஏடுகளும் நிறைய அழிந்துவிட்டன. எந்த நாட்டில் இருந்தாலும், உங்கள் பெட்டிகளில் பழைய நெகற்றிவ் இருந்தால் எறியாதீர்கள். வெறும் கறுப்பு என்று யாரும் சொன்னாலும் எறியாதீர்கள். கைத்தொலைபேசித் திரை ஒன்றை வெள்ளையாக ஒளிரவிட்டு அதன் மேல் பிடித்து, இன்னொரு தொலைபேசியால் படம் எடுத்து நிறத்தைத் தலைகீழாக்கினால் என்ன இருக்கிறது என்று தெரிந்துவிடும். தெரிந்ததைச் சங்கத்துக்கு அனுப்புங்கள்.

முன்வரிசைப் பிள்ளைகளே, சிநேகிதியின் நினைவாக உங்கள் விஞ்ஞான மன்றத்துக்கு ஒரு இருகண் தொலைநோக்கியும் ஒரு நல்ல முக்காலியும் தருகிறோம். மணல் நிரப்பிய தலையணை உறையும் வேலை செய்யும்; ஆனால் முக்காலி சுகம். ஹலியின் வால்வெள்ளி 2061 ஜூலையில் திரும்பி வரும். இன்று ஆறாம் வகுப்பில் இருக்கும் உங்களுக்கு அப்போது ஐம்பது வயதுக்குக் கிட்ட இருக்கும். அதற்கு முன்னரே, யாரும் எதிர்பாராத வேறொன்று வரக்கூடும். வரும் இரவில் ஒருவரை ஒருவர் எழுப்புங்கள். யார் எந்த நாட்டில் நின்றாலும் ஒரே நேரம் பாருங்கள். படத்தில் எல்லோரும் மாறி மாறி நில்லுங்கள். படம் எடுப்பவளையும் ஒருமுறை எடுத்துவிடுங்கள்.

எங்களை நடுச்சாமத்தில் எழுப்பிய ரீச்சர் இன்று இச்சபையில் இருக்கிறார். ரீச்சர், நீங்கள் எறியாதே என்று சொன்னதை அவள் எறியவில்லை.